மாஸ் காம் படித்தவர்களைக் கொல்கத்தா எங்கே ஒளித்து வைத்திருக்கிறது?

விஜய் டிவி ‘பாக்கியலட்சுமி’யைத் தெரியாத வீடு தமிழ்நாட்டில் உண்டா? கணவருக்கு, மாமியாருக்கு, பிள்ளைகளுக்கு என்று ஆக்கிப்போட்டே பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு, பிறகு கரண்டியையே முதலீடாக்கிச் சொந்தக் காலில் நின்ற அந்தப் பாக்கியாவின் பிறந்த வீடு எது தெரியுமா? சென்னை இல்லை. கொல்கத்தா!

2019இல் ஸ்டார் ஜல்சா என்ற வங்க சேனலில் ‘ஸ்ரீமொயீ’ என்றொரு தொடர் தொடங்கியது. எழுதியவர் லீனா கங்கோபாத்யாய். அந்த ஸ்ரீமொயீதான் மராத்திக்குப் போனாள், மலையாளத்துக்குப் போனாள், தெலுங்குக்குப் போனாள், இந்தியில் ‘அனுபமா’ ஆனாள், 2020இல் நம் வீட்டுக்கு வந்து பாக்கியலட்சுமி ஆனாள். கொல்கத்தாவில் உட்கார்ந்து ஒருவர் யோசித்த ஒரு பெண்மணி, இந்தியா முழுக்க இரவுச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்துவிட்டாள்!

‘மாஸ் காம் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?’, ‘விஸ்காம் முடிச்சுட்டு என்ன பண்ணப் போறே?’ என்று கல்யாண வீட்டிலும் காதுகுத்திலும் நம் பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். கேட்பவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டே முகம்: செய்தி வாசிப்பவர், மைக் பிடித்து ஓடும் நிருபர். அதில் ஒரு முகம் திரையில் தெரிவதற்கு எத்தனை பேர் எத்தனை அறைகளில் வேலை பார்க்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டுமானால் அதற்குக் கொல்கத்தாவை விட்டால் வேறு ஊர் இல்லை. இந்தியாவின் முதல் செய்தித்தாள் அச்சான ஊர், சத்யஜித் ராயின் ஊர், ஒரு திருவிழாவையே மாபெரும் கலைக்கூடமாக மாற்றிவிட்ட ஊர். வாருங்கள், ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்ப்போம்!

டோலிகஞ்ச்: வியாழக்கிழமை என்றாலே படபடப்பு

முதல் கதவு டோலிகஞ்சில். ஆந்திராக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், ‘டோலிவுட்’ என்ற பெயர் முதலில் இந்தப் பேட்டைக்குத்தான் வந்தது. 1932இல் வில்ஃபோர்ட் டெமிங் என்ற அமெரிக்க ஒலிப்பொறியாளர் ஒரு சினிமா இதழில் இந்த இடத்தைப் பற்றி எழுதும்போது போட்ட பெயர் அது.

நமக்கும் இந்த ஊரோடு பழைய உறவு இருக்கிறது. மதராஸில் பேசும் படம் எடுக்க ஸ்டுடியோவே இல்லாத காலத்தில் நம் ஆட்கள் ரயிலேறி இங்கேதான் வந்தார்கள். கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட், டி.பி. ராஜலட்சுமி நடித்த ‘வள்ளி திருமணம்’ படத்தை 1933இல் கல்கத்தாவின் பயனியர் கம்பெனியோடு சேர்ந்து எடுத்தார். முருகன் வள்ளியைக் கைப்பிடித்தது கங்கைக் கரையில்!

இன்று அதே பேட்டையில் தினமும் தொடர்கள் எடுக்கிறார்கள். ஒரு தொடருக்குள் எத்தனை வேலை ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். கதையின் நீண்ட ஓட்டத்தை யோசிப்பவர் ஒருவர். அதை எபிசோடு எபிசோடாகப் பிரித்துத் திரைக்கதை போடுபவர் இன்னொருவர். வசனம் எழுதுபவர் பெரும்பாலும் மூன்றாவது ஆள். இவர்களுக்கு எதிர் நாற்காலியில் சேனல் தரப்பின் கிரியேட்டிவ் டீம். வியாழக்கிழமை வந்தால், டிவி பார்ப்பவர்களின் கணக்கை எடுக்கும் பார்க் (BARC) நிறுவனத்தின் ரேட்டிங் எண்கள் வந்து விழும். எந்தத் தொடர் ஏறியது, எது சரிந்தது, எந்தக் காட்சியில் ஜனம் சேனலை மாற்றியது என்று அந்த எண்களைக் குடைந்து பார்த்து, ‘இந்த டிராக்கை முடிச்சுடலாம், அந்தத் தங்கச்சி கேரக்டரைப் பெருசாக்கலாம்’ என்று சொல்லும் ஆட்களில் பலர் ஊடகப் படிப்பு படித்தவர்கள். பார்வையாளர் ஆய்வு என்று கல்லூரியில் தூங்கி வழிந்து படித்த பாடம், இங்கே ஒரு கதாபாத்திரத்தின் ஆயுளையே நிர்ணயிக்கிறது!

செட்டுக்குள் ஒரு ஓரமாக நோட்டும் கைபேசியுமாக நிற்கும் பெண்ணைக் கவனியுங்கள். அவர் கன்டினியூட்டி பார்ப்பவர். தொடர்களில் காட்சிகளைக் கதை வரிசையில் எடுக்க மாட்டார்கள். சமையலறை லைட் போட்டுவிட்டால் நான்கைந்து எபிசோடுகளின் சமையலறைக் காட்சிகளை ஒரே மூச்சில் எடுத்து முடிப்பார்கள். அதனால் நாயகியின் கையில் சங்கு வளையலும் சிவப்பு வளையலும் எந்த வரிசையில் இருந்தன, வகிட்டுக் குங்குமம் எவ்வளவு நீளம் இழுத்திருந்தது, புடவை முந்தானையில் சாவிக்கொத்து தொங்கியதா, டீ கோப்பை எந்தக் கையில் இருந்தது, அதில் எவ்வளவு டீ மிச்சம் இருந்தது என்று எல்லாமே அந்த நோட்டில் இருக்க வேண்டும். ஒரு வளையல் இடம் மாறினால் மறுநாள் சோஷியல் மீடியாவில் சந்தி சிரிக்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும் வேலை இது. இங்கே ஆரம்பித்து இயக்குநர் நாற்காலி வரை போனவர்கள் சினிமாவில் எத்தனையோ பேர்.

இன்னொரு அறையில் புரோமோ புரொடியூசர். வாரம் முழுக்க வரப்போகும் எபிசோடுகளை ஊரே பார்ப்பதற்கு முன்னால் பார்த்துவிட்டு, அதிலிருந்து முப்பது விநாடியை வெட்டி எடுப்பவர். அறை விழுந்த சத்தம் கேட்க வேண்டும், அறை வாங்கியவர் யார் என்று தெரியக் கூடாது! அந்த முப்பது விநாடிதான் உங்கள் அம்மாவை நாளை ஏழு மணிக்கு டிவி முன்னால் உட்கார வைக்கிறது. எவ்வளவு ஜாலியான வேலை!

ரேடியோ: அதிகாலை நான்கு மணிக்கு விழிக்கும் ஊர்

கல்கத்தா வானொலி நிலையம் 1927 ஆகஸ்ட் 26 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. 1930களின் தொடக்கத்தில் அங்கே பிறந்த ஒரு நிகழ்ச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது: ‘மகிஷாசுரமர்த்தினி’. எழுத்து பாணிகுமார், இசை பங்கஜ் மல்லிக், குரல் பீரேந்திர கிருஷ்ண பத்ரா. துர்கா பூஜைக்கு முன்னால் வரும் மஹாளய அமாவாசை அன்று, அதிகாலை நான்கு மணிக்கு, வங்காளமே அலாரம் வைத்து எழுந்து ரேடியோவைத் திருகுகிறது. முன்பெல்லாம் ஒவ்வோர் ஆண்டும் கலைஞர்கள் ஸ்டுடியோவில் கூடி நேரடியாகவே பாடினார்கள், இப்போது ஒலிப்பதிவு. வருடத்துக்கு ஒரே ஒரு முறை வரும் ஒரு ரேடியோ நிகழ்ச்சிக்கு ஓர் இனமே காத்திருக்கிறது என்றால் நம்ப முடிகிறதா?

இதில் ஊடக மாணவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரு கதையும் இருக்கிறது. 1976இல் நிலையத்தார் புதுமை செய்யப் பார்த்தார்கள். பத்ராவின் குரலை எடுத்துவிட்டு, வங்கத் திரையின் உச்ச நட்சத்திரம் உத்தம் குமாரை வைத்துப் புதிய நிகழ்ச்சியை ஒலிபரப்பினார்கள். ஊர் கொந்தளித்துவிட்டது! கடைசியில் பழைய குரலையே திரும்பக் கொண்டு வந்தார்கள். அத்தனை பெரிய நட்சத்திரத்தால்கூட அசைக்க முடியாத உறவு, கேட்பவருக்கும் ஒரு குரலுக்கும் இடையே இருந்தது. ரேட்டிங் எண்ணெல்லாம் வருவதற்கு எத்தனையோ ஆண்டு முன்பே நடந்த பாடம் இது.

இன்றைய எஃப்.எம். பக்கம் வந்தால், ரேடியோ மிர்ச்சியின் கொல்கத்தா நிலையம் 2009இல் ‘சண்டே சஸ்பென்ஸ்’ என்று ஒன்றைத் தொடங்கியது. துப்பறியும் கதை, பேய்க் கதை, சாகசக் கதை என வங்க இலக்கியத்தையும் வெளிநாட்டுக் கதைகளையும் ஒலி நாடகமாக்கிப் போட்டார்கள். யூடியூப் தலைமுறையும் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறது. ஆர்.ஜே.யின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அறைக்கு உள்ளே வாருங்கள்: நாற்பது பக்கக் கதையை ஒலிக்கு ஏற்றபடி மாற்றி எழுதும் ஸ்கிரிப்ட் ரைட்டர், உரிமை வாங்கிவரும் ஆள், குரல்களைத் தேர்ந்தெடுக்கும் புரொடியூசர், சவுண்ட் டிசைனர். மழைபெய்யும் இரவில் ஒருவன் மரப்படிக்கட்டில் ஏறுகிறான் என்றால், அந்த மழை தகரத்தில் விழுகிறதா, ஓட்டில் விழுகிறதா, எத்தனையாவது படி கிறீச்சிடுகிறது என்று யோசிப்பவர் இவர். வெட்டிய கொட்டாங்கச்சி இரண்டைத் தட்டினால் குதிரை வந்துவிடும்!

ரேடியோக்காரர்களின் ஒரு சின்ன ரகசியம் சொல்கிறேன். ஸ்கிரிப்ட்டைத் தாளில் ஒரு பக்கம் மட்டும்தான் அச்செடுப்பார்கள், ஸ்டேபிள் அடிக்கவே மாட்டார்கள். படித்து முடித்த தாளைச் சத்தமில்லாமல் பக்கவாட்டில் நகர்த்திவிட வேண்டும், புரட்டினால் மைக்கில் கேட்டுவிடும். ஆகாசவாணி நிலையங்களில் எழுத்துத் தேர்வும் குரல் தேர்வும் வைத்துப் பகுதிநேர அறிவிப்பாளர்களை எடுக்கிறார்கள். படித்துக்கொண்டிருக்கும்போதே மைக் முன்னால் உட்கார இது அருமையான வழி.

நியூஸ் ரூம்: ஊர் தூங்கும்போது பக்கம் போடுபவர்கள்

1780 ஜனவரி 29. ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி தன் ‘பெங்கால் கெஸட்’டின் முதல் இதழை இதே ஊரில்தான் அச்சிட்டார். கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸையே வம்புக்கு இழுத்தார், சிறைக்குப் போனார், இரண்டே ஆண்டில் பத்திரிகையை மூட வைத்தார்கள். ஆனால் ஊருக்கு அந்த ருசி ஒட்டிக்கொண்டது. உருது மொழியின் முதல் பத்திரிகை 1822இல் இங்கே வந்தது. இந்தியின் முதல் பத்திரிகை ‘உதந்த் மார்த்தாண்ட்’ 1826 மே 30 அன்று இங்கே வந்தது. வங்காளிகளின் ஊரில் இந்திக்கும் உருதுவுக்கும் முதல் பத்திரிகை! வேற்றூரில் இருந்துகொண்டு தன் மொழிக்காரருக்காக வேலை செய்வது கொல்கத்தாவுக்குப் பழகிப்போன விஷயம். தமிழ்ப் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரவு டெஸ்க்கின் அழகே தனி. வெளியூருக்குப் போகும் பதிப்பு முதலில் மூட வேண்டும், நகரப் பதிப்பு கடைசி. நடுவில் ஒரு பெரிய செய்தி வந்தால் முதல் பக்கமே பிய்த்துப் போட்டு மறுபடி கட்டப்படும். நிருபர் தந்த எண்ணூறு சொல்லை நானூறாக்கி, உயிர் போகாமல் வைத்திருப்பவர் சப் எடிட்டர். இருக்கும் இடத்துக்குள் அடங்கும்படி தலைப்பை யோசிப்பவரும் அவரே. கொல்கத்தாவில் 1982இல் பிறந்த ‘தி டெலிகிராஃப்’ நாளிதழின் முதல் பக்கத் தலைப்புகள் நாடு முழுக்கப் பேசப்பட்டதுண்டு. தலைப்பு எழுதுபவரின் பெயர் எங்கும் வராது, அவர் போட்ட நான்கு சொல் மட்டும் டீக்கடை டீக்கடையாகச் சுற்றும்.

இப்போது அதே ஹாலில் புது நாற்காலிகள் வந்துவிட்டன. கைபேசியில் ‘டிங்’ என்று வரும் செய்தி அறிவிப்பை ஒரே வரியில் எழுதுபவர், எண்களை வரைபடமாக்குபவர், வாட்ஸ்அப்பில் சுற்றும் படம் உண்மையா என்று தோண்டிப் பார்க்கும் ஃபேக்ட் செக்கர், நிருபரின் காட்சிகளை நிமிர்த்திப் பிடித்த வீடியோவாக வெட்டுபவர். ஒரு தலைமுறைக்கு முன் கல்லூரிக் கையேட்டில்கூட இல்லாத வேலைகள்!

காலேஜ் ஸ்ட்ரீட்: பின் அட்டையை எழுதியது யார்?

காலேஜ் ஸ்ட்ரீட் கொல்கத்தாவின் புத்தகத் தெரு. புத்தகத்தின் பின் அட்டையைப் படித்துவிட்டுத்தானே வாங்குகிறோம்? அந்த ஒரு பத்தியை எழுதுவது ஒருவரின் வேலை. முந்நூறு பக்கத்திலும் ஒரு பாத்திரத்தின் பெயர் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா, மூன்றாம் அத்தியாயத்தில் இடது கால் நொண்டியவன் பத்தாம் அத்தியாயத்தில் வலது கால் நொண்டுகிறானா என்று பார்ப்பது காப்பி எடிட்டரின் வேலை. மொழிபெயர்ப்பு உரிமையை வெளிநாட்டுக்கு விற்பது இன்னொருவரின் வேலை.

கொல்கத்தாவில் 1982இல் நவீன் கிஷோர் தொடங்கிய சீகல் புக்ஸ், பவானிப்பூரில் இருந்துகொண்டே ஜெர்மன், பிரெஞ்சு இலக்கியங்களை ஆங்கிலத்தில் உலகத்துக்கே பதிப்பித்துக் கொடுக்கிறது. நாடக மேடைக்கு லைட் போட்டுக்கொண்டிருந்தவர் பதிப்பாளரானார் என்பது கூடுதல் சுவாரஸ்யம். பதிப்புத் தொழிலைச் சொல்லிக் கொடுக்க ஒரு பள்ளியும் நடத்துகிறார்கள். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்திலும் எடிட்டிங், பப்ளிஷிங் படிப்பு இருக்கிறது.

தமிழர்களுக்கு இந்தக் கதவு புதிதில்லை. கொல்கத்தாவில் வாழ்ந்த எழுத்தாளர் சு. கிருஷ்ணமூர்த்தி, அதீன் பந்த்யோபாத்யாயவின் மகத்தான நாவலை ‘நீலகண்டப் பறவையைத் தேடி’ என்று நமக்குத் தந்தவர். இரண்டு மொழி தெரிந்த ஒரு மனிதர், ஒரு நதிக்கரை வாழ்க்கையையே நம் கையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்! ஓடிடி வந்தபின் அதே திறமைக்கு சப்டைட்டில், டப்பிங் வசனம், கதைத் தழுவல் என்று புதிய வாசல்கள் திறந்திருக்கின்றன. ஸ்ரீமொயீயைப் பாக்கியலட்சுமி ஆக்குவதற்கும், லூச்சி என்ற வங்கப் பூரியை இட்லியாக்குவதற்கும், அங்கே இருக்கும் மாமியாரை இங்கே இருக்கும் மாமியாராக்குவதற்கும் இரண்டு ஊரும் தெரிந்த ஆள் வேண்டாமா?

துர்கா பூஜை: ஐந்து நாளுக்கு ஐந்து மாத வேலை

இந்தக் கதவைத் திறந்தால் கண் கூசும்! 2021 டிசம்பரில் யுனெஸ்கோ கொல்கத்தா துர்கா பூஜையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2019ஆம் ஆண்டுப் பூஜையைச் சுற்றி நடந்த படைப்புத் தொழில்களின் மதிப்பு 32,377 கோடி ரூபாய் என்று பிரிட்டிஷ் கவுன்சில் முன்னின்று நடத்திய ஆய்வு சொன்னது. பந்தல், சிலை, விளக்கு, துணி, சாப்பாடு, விளம்பரம், இலக்கியம் எல்லாம் சேர்த்து!

இதில் மாஸ் காம் ஆட்களுக்கு என்ன வேலை? கேளுங்கள். மழைக்காலத்திலேயே ‘கூண்டி பூஜை’ என்று பந்தலின் முதல் கம்பத்தை நட்டுப் பூஜை செய்வார்கள். அன்றே விளம்பரம் தொடங்கிவிடும். ஊர் முழுக்கப் புதிர் போடும் ஹோர்டிங்குகள், ‘இந்த வருஷம் என்ன தீம்?’ என்று மண்டையைக் குடையும் டீசர்கள். தீம் கலைஞரின் எண்ணத்தைக் கேட்டு, கமிட்டிப் பெரியவர்களுக்கும் ஸ்பான்சர் கம்பெனிக்கும் புரியும்படி இரண்டு பக்கத்தில் எழுதித் தருபவர் ஒருவர். பந்தலுக்குள் ஒலிக்கும் சத்தங்களை வடிவமைப்பவர் ஒருவர். நிருபர்களை அழைத்து வருபவர், நேரலைக்குக் கேமரா எங்கே வைப்பது என்று திட்டமிடுபவர், கூட்டம் எந்த வழியில் நுழைந்து எந்த வழியில் வெளியேற வேண்டும் என்று பலகை எழுதுபவர். ஏசியன் பெயின்ட்ஸ் 1985இல் சிறந்த பூஜைக்கு விருது கொடுக்க ஆரம்பித்ததும், பந்தல்களுக்குள் அழகுப் போட்டி சூடு பிடித்தது. ஒரு பெயின்ட் கம்பெனியின் விளம்பர யோசனை ஒரு நகரத்தின் கலை ரசனையோடு கலந்துவிட்டது! விளம்பரப் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா?

மியூசியமும் கிராமமும்: உயிரைக் காக்கும் சொற்கள்

கொல்கத்தா சயின்ஸ் சிட்டி 1997இல் திறக்கப்பட்டது. அதை நடத்தும் தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழுமத்தின் தலைமையகமும் இங்கேதான். பெங்களூரு விஸ்வேஸ்வரய்யா மியூசியமும் நம் திருநெல்வேலி மாவட்ட அறிவியல் மையமும் இதே குழுமத்தின் பிள்ளைகள். ஒரு காட்சிப்பொருளின் பக்கத்தில் இருக்கும் சிறிய பலகையை எழுதுவது எவ்வளவு நுட்பமான வேலை தெரியுமா? கால் கடுக்க நிற்பவர், பக்கத்தில் குழந்தை கையை இழுக்கிறது, பின்னால் கூட்டம். ஐம்பது அறுபது சொல்லுக்குள் பெர்னூலி தத்துவம் புரிந்தாக வேண்டும், அந்தக் குழந்தைக்கும் பாட்டிக்கும் சேர்த்து! அறிவியலும் பிடிக்கும், எழுதவும் பிடிக்கும் என்று இரண்டுக்கும் நடுவில் தவிக்கும் பிள்ளைகளுக்கு இது சொர்க்கம்.

அடுத்த கதவு ஹூக்ளி ஆற்றைத் தாண்டி. இந்தியாவின் கடைசி இயற்கை போலியோ நோயாளி ஹவுரா மாவட்டத்துச் சின்னக் குழந்தை. நோய் தாக்கியது 2011 ஜனவரி 13. அதன்பின் ஒன்றுகூட இல்லை. 2014 மார்ச்சில் இந்தியா உட்படத் தென்கிழக்கு ஆசியப் பகுதிக்கே போலியோ இல்லை என்ற சான்று கிடைத்தது. இரண்டு சொட்டு மருந்து செய்த வேலை பாதி. ‘மருந்து கொடுத்தால் பிள்ளைக்கு ஆகாது’ என்று கதவைச் சாத்தியவர்களிடம் போய், யார் சொன்னால் கேட்பார்கள், எந்தச் சொல்லில் சொன்னால் கேட்பார்கள் என்று கண்டுபிடித்தது மீதிப் பாதி. வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசிய பெண்கள், மசூதி அறிவிப்பு, தெருக் கூத்து, பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வலம் என்று அத்தனையையும் திட்டமிட்டது தகவல் தொடர்பு ஆட்கள். பொதுச் சுகாதாரத் துறை, யுனிசெஃப், தொண்டு நிறுவனங்கள் எல்லாவற்றிலும் இந்த வேலை இன்றும் இருக்கிறது. சுந்தரவனத்துத் தீவுகளில் புயல் எச்சரிக்கையை ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் இந்தக் குடும்பம்தான். ஒரு வாக்கியம் குழப்பமாக இருந்தால் உயிர் போகும் இடம் அது. நம் நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கொல்கத்தாவிலேயே இயங்கும் பங்களாநாடக் டாட் காம் என்ற அமைப்பு, நாடகத்தில் தொடங்கி, பிங்க்ளா பக்கத்துப் படச்சுருள் ஓவியர்கள் போன்ற கிராமக் கலைஞர்களுக்குச் சந்தையும் விழாவும் உண்டாக்கித் தருகிறது. பாடிக்கொண்டே படம் காட்டும் அந்தக் கலைஞர்களுக்கும் நகரத்துக்கும் நடுவே பாலம் போடும் வேலையும் நாம் பேசும் இதே படிப்புக்கு உரியதுதான்.

எல்லா அறைக்குள்ளும் நடந்த ஒரே மனிதர்

இவ்வளவு கதவையும் திறந்தபின் ஒரு சந்தேகம் வரும்: ‘நான் எதற்குள் போவது?’ அதற்கு இந்த ஊர் ஒருவரைக் கை காட்டுகிறது.

1943இல் டி.ஜே. கீமர் என்ற விளம்பரக் கம்பெனியில் ஜூனியர் விஷுவலைசராக ஓர் இளைஞர் சேர்ந்தார். மாதச் சம்பளம் 80 ரூபாய். விளம்பரத்துக்குப் படம் வரைந்த கை, சிக்னெட் பிரஸ் என்ற பதிப்பகத்துக்குப் புத்தக அட்டை வரையப் போனது. அங்கே விபூதிபூஷண் பந்த்யோபாத்யாயவின் ஒரு நாவலைச் சிறுவர்களுக்காகச் சுருக்கினார்கள், அதற்குச் சித்திரம் போடும் வேலை இவருக்கு. போட்டுக்கொண்டிருக்கும்போதே அது படமாக மனசில் ஓட ஆரம்பித்துவிட்டது! 1950இல் கம்பெனி அவரை லண்டன் அனுப்பியது. சில மாதங்களில் நூறு படம்போலப் பார்த்துத் தள்ளினார். திரும்பி வந்து, விளம்பர வேலையை விடாமல் விடுமுறை நாட்களில் படம் எடுத்தார். 1955இல் ‘பதேர் பாஞ்சாலி’ வந்தது. அந்த இளைஞர் சத்யஜித் ராய்!

அதோடு நின்றாரா? படத்துக்கு போஸ்டர் அவரே வரைந்தார். பிறகு இசையும் அவரே போட்டார். சிவப்புத் துணி அட்டை போட்ட கணக்கு நோட்டுகளில் காட்சிகளைப் படமாகவே வரைந்து வைத்தார். ஆங்கில எழுத்துருக்கள் உருவாக்கினார், அதில் இரண்டு 1971இல் சர்வதேசப் போட்டியில் பரிசு வாங்கின. தாத்தா உபேந்திரகிஷோர் 1913இல் தொடங்கிய ‘சந்தேஷ்’ சிறுவர் இதழை 1961இல் நண்பரோடு சேர்ந்து மறுபடி கொண்டுவந்து, அதிலே ஃபெலுதா துப்பறியும் கதைகள் எழுதினார். அவருக்குப் பின் வந்த ரிதுபர்ண கோஷும் விளம்பர நிறுவனத்தில் காப்பிரைட்டராக இருந்து சினிமாவுக்கு வந்தவர்தான். ஏன் இப்படி? முப்பது விநாடியில் ஒரு மனசைத் தொடக் கற்றுக்கொண்டவர், இரண்டு மணி நேரத்தில் ஒரு விநாடியைக்கூட வீணாக்க மாட்டார்.

நான் சொல்ல வந்ததே இதுதான். இந்தப் படிப்பில் ஒரு கதவைத் தேர்ந்தெடுத்தால் மற்றவை மூடிக்கொள்வதில்லை. எல்லா அறைக்கும் உள்வழி இருக்கிறது. ரேடியோ ஸ்கிரிப்ட் எழுதியவர் தொடர் வசனத்துக்குப் போகலாம், டெஸ்க்கில் சுருக்கப் பழகியவர் மியூசியப் பலகை எழுதலாம், பூஜைப் பந்தலில் கூட்டம் சமாளித்தவர் சுகாதாரப் பிரசாரம் நடத்தலாம். எங்கே போனாலும் கூடவே வரும் திறமை ஒன்று: எதிரில் இருப்பவருக்கு என்ன புரியும், எது மனசில் தைக்கும் என்று உணர்வது.

சரி, நமக்கு என்ன வழி?

கொல்கத்தாவிலேயே படிக்க ஆசையா? 1995இல் நிறுவப்பட்ட சத்யஜித் ராய் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம் இருக்கிறது. இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங், ஒலி, தயாரிப்பு, அனிமேஷன் என்று தனித்தனித் துறைகள், இந்தியா முழுவதிலிருந்தும் பட்டதாரிகள் நுழைவுத் தேர்வு எழுதிச் சேர்கிறார்கள். ஜாதவ்பூரில் 1993இல் தொடங்கிய திரைப்படவியல் துறை உண்டு. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை, செயின்ட் சேவியர்ஸில் மாஸ் காம். அரசு வேலைதான் வேண்டும் என்ற வீடுகளுக்கு, யு.பி.எஸ்.சி. தேர்வு வழியாகப் போகும் இந்தியத் தகவல் பணி இருக்கிறது. தைரியமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த அறைகளில் முதல் சில ஆண்டுச் சம்பளம் பெரும்பாலும் குறைவு, நேரம் அதிகம். பெற்றோர்கள் அந்த ஆண்டுகளில் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பிள்ளைகளும் சம்பளமே இல்லாமல் மாதக்கணக்கில் உழைக்கச் சொல்லும் இடங்களை விட்டு விலகி வர வேண்டும். கற்றுக்கொள்வதற்கும் சுரண்டப்படுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது, அதை முதல் வாரத்திலேயே அடையாளம் காணப் பழகுங்கள்.

இங்கே சான்றிதழைவிட, செய்து காட்டிய வேலைதான் முதலில் பேசும். அதனால் இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். தெருமுனை இஸ்திரிக்காரரோ, பூக்காரம்மாவோ, உங்கள் தாத்தாவோ, ஒருவரிடம் அனுமதி கேட்டுப் பேசி, கைபேசியில் பதிவு செய்து, மூன்று நிமிட ஒலிக்கதையாக வெட்டுங்கள். அதற்கு ஒரு தலைப்பு, ஒரு போஸ்டர், ஐம்பது சொல்லில் ஓர் அறிமுகம். இது ஒன்றிலேயே நிருபர், எடிட்டர், சவுண்ட் டிசைனர், காப்பிரைட்டர் என நான்கு வேலை பார்த்துவிட்டீர்கள்! பிறகு அதைப் பத்துப் பேருக்கு அனுப்பி, எந்த இடத்தில் கேட்பதை நிறுத்தினார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அவர்கள் சொல்லும் அந்த இடத்தை வெட்டிவிட்டு மறுபடி அனுப்புங்கள்.